கொள்ளிடக்கரைக் குடும்பம்: நந்தி கல்யாணம்

சின்ன அத்தை: அம்மாவுக்கு மூன்று நாளாக ஒரே பேச்சு. நந்தி கல்யாணத்துக்குத் திருமழபாடி போக வேண்டுமாம். அதுவும் பரிசலில். யார் வருகிறீர்கள்?

குமார்: வேனா, காரா?

பெரியப்பா: எல்லோரும் முழுவதும் படியுங்கள். பங்குனிப் புனர்பூசத்தன்று கல்யாணம். திருவையாற்றிலிருந்து அங்குள்ள சிவன் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுவார். மாப்பிள்ளை நந்தி பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டிக் குதிரையில் வருவார். கொள்ளிடம் தாண்டினால் பெண் வீடு. பெண் சுயசாம்பிகை. சித்திரையில் ஐயாறப்பர் இந்தத் தம்பதியைத் திருவையாறு உள்பட ஏழு சிவத்தலங்களுக்கும் அழைத்துப் போவார்.

சித்தி: நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம். கவிதா அவசியம் வர வேண்டும்.

கவிதா: அப்பாயிக்காக வருகிறேன் சித்தி. என் கல்யாணப் பேச்சு வேண்டாம்.

சித்தி: நல்லதுக்குத்தானே சொன்னேன்.

செல்வி: பிள்ளைகளுக்குத் தேர்வு. மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சித்தப்பா: பங்குனியில் பரிசல் எங்கே ஓடும்? முக்கொம்பு அணையில் உபரி நீர் திறந்தால்தான் கொள்ளிடத்தில் தண்ணீர். இப்போது வெறும் மணல்.

குமார்: அப்படியானால் நடந்தே கடக்கலாமே.

சித்தப்பா: 82 வயது அம்மாவை மணலில் நடத்தியா? மணல் அள்ளிய குழியில் நிற்கும் தண்ணீரின் ஆழம் யாருக்குத் தெரியும்? திருமானூர்ப் பாலம் வழியாக வேனில் போவோம்.

சின்ன அத்தை: 1961 ஆவணியில் கல்யாணமாகி அம்மா இக்கரைக்கு வந்தது பரிசலில். இரு கரையும் தொட்டு வெள்ளம். சீர்ப் பாத்திரம் ஒருபக்கம், அப்பா குடை பிடித்தபடி ஒருபக்கம். அதனால்தான் கேட்கிறார்.

கவிதா: 🙏🏽 இதை எங்களிடம் சொன்னதே இல்லையே அத்தை.

பெரியப்பா: ஆலம்பொழில் என்ற ஊரில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் சிவன் வந்து, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று கேட்டார். அவர் உடனே ஆற்றைக் கடந்து போய்ப் பதிகம் பாடினார். நாம் 19 வருடமாகப் போகவில்லை.

சித்தப்பா: ஏன் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: இன்னொன்று. அந்தக் கோயில் விமானத்தைக் கல்லால் எடுத்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். யார் எந்த நிலத்தைக் கொடுத்தார் என்பது அழியாமல் நின்றது.

சித்தப்பா: நிலப் பேச்சு வேண்டாம் அண்ணா.

பெரியப்பா: நான் கோயில் நிலத்தைச் சொன்னேன்.

செல்வி: மாமியார் சரி என்றுவிட்டார். நான் புளியோதரை.

சித்தி: போன முறை உப்பு கூடிவிட்டது. நான் செய்கிறேன்.

செல்வி: சரி சித்தி. 

குமார்: வேனுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். 14 இடம்.

சின்ன அத்தை: பாலம் வழியாக என்று சொன்னேன். அம்மா முகம் வாடிவிட்டது.

கவிதா: ஆடிக்குப் பிறகு தண்ணீர் வந்தால் இன்னொரு முறை போவோம். பரிசல் விடுகிறார்களா என்று நான் விசாரிக்கிறேன்.

சித்தப்பா: உயிர்காப்பு உடை இல்லாமல் அம்மாவை ஏற்ற விடமாட்டேன்.

பெரியப்பா: அது நியாயம்.

சின்ன அத்தை: அங்கே தன் தம்பி வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்று அம்மா கேட்கிறார்.

செல்வி: திருவையாற்றில் இறங்கி அசோகா அல்வா வாங்குவோம். இரண்டு கிலோ.

குமார்: மூன்று.

பெரியப்பா: மாமாவுக்கு யார் போன் செய்வது?

சின்ன அத்தை: மூத்தவர் நீங்கள்தான் அண்ணா.

சித்தப்பா: எண் என்னிடம் இருக்கிறது.