சாளரங்களைத் தானாக அடுக்கும் நிரல்: வேலண்டில் என்ன வழி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், வாரஇறுதித் தமிழ் வகுப்பின் பழைய கையெழுத்துப் பாடங்களை நான் தட்டச்சு செய்து வருகிறேன். 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையின் இடப்பாதியில் வருடிய பக்கமும் வலப்பாதியில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியும் இருக்க வேண்டும். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இவற்றை மறுபடி கையால் இழுத்து வைப்பது அலுத்துப்போனதால், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், சாளரங்களை நகர்த்தும் டபிள்யூஎம்-கன்ட்ரோல் (wmctrl) கட்டளையைக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதினேன்.

திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. முழுத்திரையாக விரிந்திருக்கும் சாளரம் '0,960,0,960,1040' என்று நான் தரும் இடத்தையும் அகல உயரத்தையும் பொருட்படுத்தாது என்பதும், முதலில் அந்த விரிவு நிலையை நீக்கியாக வேண்டும் என்பதும் இரண்டு மாலைகளை இழந்த பிறகே எனக்குப் புரிந்தன. ஆனால் அதற்கு மாற்றாக வந்த புதிய முறையான வேலண்ட் அமர்வில் அதே கட்டளை, எக்ஸ்11 செயலிகளுக்கான இணைப்புப் பாலமான எக்ஸ்வேலண்ட் வழியாக இயங்கும் சாளரங்களை மட்டுமே பட்டியலிடுகிறது. ரைட்டர் அதில் தென்படுவதே இல்லை. ஒரு செயலி மற்றொன்றின் சாளரத்தை நகர்த்த வேலண்ட் இடந்தராதது பாதுகாப்புக்கு நல்லதுதான், என் வேலைக்குத்தான் இடைஞ்சல்.

நுழையும்போது எக்ஸார்க் (அதாவது எக்ஸ்11) அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வீர்கள். இக்கணினியைப் பயன்படுத்தும் முதிய ஆசிரியர்களிடம் அந்தப் பொறுப்பைச் சுமத்த எனக்கு மனமில்லை. உபுண்டுவின் மேசைத்தளமான க்னோம் ஷெல்லுக்கு ஒரு நீட்சி எழுதுவதா, கேடிஇ என்ற வேறொரு மேசைத்தளத்துக்கு மாறி அதன் சாளர மேலாளரான கேவினுக்கு நிரல்களை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதா, எது நெடுநாள் நிலைக்கும்? இவற்றில் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் நிரலின் ஒரு துண்டையாவது இங்கே இட்டால் பேருதவியாக இருக்கும்.