பாரதம் 18 நாள், பர்மிஷன் 15 நாள்

தகடூரான்:
பாலக்கோடு பக்கம் எங்க ஊர்ல திரௌபதி அம்மனுக்குப் பாரதம் நடக்குது. மத்தியானம் பந்தல்ல வில்லிபாரதம் சொல்றாங்க, ராத்திரி கூத்து. முந்தாநாள் அர்ஜுனன் தபசு. தபசு மரம் ஏறுறது விடியக்காலைலதான். மேல இருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவாங்க, பிள்ளை வரம் கேக்கற பொம்பளைங்க கீழ மடி ஏந்தி நிப்பாங்க. பத்தேகாலுக்கு போலீஸ் ஜீப் வந்துச்சு. யாரோ போன் பண்ணிட்டாங்களாம், பத்து மணிக்கு மேல மைக் கூடாதுன்னு டெல்லி போட்ட விதி இருக்கு, நிறுத்துன்னுட்டாங்க. அர்ஜுனன் வேஷம் கட்டினவர் தோள்ல கட்டற புஜக்கட்டையைக் கூடக் கழட்டாம டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தார்.

என்னைப் பழமைவாதின்னு சொல்றவங்க சொல்லிக்கங்க. எங்க ஊர் ராத்திரி எப்ப முடியணும்னு எங்க ஊர்தான் சொல்லணும். டெல்லிக் காகிதம் எதுக்கு?

நைட் டியூட்டி:
அண்ணே, ஏரிக்கு இந்தக் கரைல எங்க வீடு. நான் ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆறு மாசம்தான் ஆகுது. உங்க குழாய் ஸ்பீக்கர் எங்க ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கு. காகிதம் டெல்லில இருந்து வந்தா என்ன, தூக்கம் போறது எங்க வீட்ல.

தகடூரான்:
போன் பண்ணது நீங்கதானா?

நைட் டியூட்டி:
இல்ல. பண்ணியிருந்தாலும் தப்பில்லைன்னுதான் சொல்வேன்.

மாங்கா மண்டி:
கிருஷ்ணகிரில இருந்து எழுதறேன். சட்டம் எப்பவும் நம்ம சாமி மேலதான் பாயும். வேற மதம்னா ஜீப் அந்தத் தெருப்பக்கமே போகாது. ஓட்டு பயம்.

ஊத்தங்கரை வக்கீல்:
கோபம் புரியுது, விவரம் தப்பு. இந்த விஷயத்துல எல்லாரும் எடுத்துக் காட்டற தீர்ப்புகள்ல ஒண்ணு, 2000 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அது சென்னையில இருந்த ஒரு சர்ச் போட்ட அப்பீல். பக்கத்துல மெஜஸ்டிக் காலனிக்காரங்க சத்தம் தாங்கலைன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வெச்சுக் கும்பிடச் சொல்லி எந்த மதமும் சொல்லலைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. தோத்தது சர்ச். உங்க ஊர் ஜீப் எந்தத் தெருவுக்குப் போகுது, போகலைங்கறது வேற பஞ்சாயத்து. அதைச் சட்டத்து மேல ஏத்தாதீங்க.

அதே 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. திருவிழாவுக்காக மாநில அரசு 12 மணி வரைக்கும் தளர்த்தலாம். வருஷத்துக்கு மொத்தம் 15 நாள்.

தகடூரான்:
அங்கதான் சார் என் வயித்தெரிச்சல். பாரதம் 18 நாள், பர்மிஷன் 15 நாள். மிச்சம் மூணு நாள் போரை யார் தலையில கட்டறது? அதுவும் அந்த 15 நாளை அரசு முன்கூட்டியே சொல்லணும். தீபாவளின்னா ஊரெல்லாம் ஒரே தேதி, சொல்லிடலாம். எங்களுக்குக் காப்புக் கட்டற நாள் ஊருக்கு ஊர் வேற. ஒரு ஊர்ல பங்குனி, இன்னொண்ணுல வைகாசி, மழை பேஞ்சா அதுவும் தள்ளிப்போகும். 12 மணி வரைன்னாலும் என்ன பிரயோசனம்? கூத்தை ஆரம்பிச்சு வைக்கற கட்டியங்காரன் வந்து போயி, வேஷமெல்லாம் திரைக்குப் பின்னாடி நின்னு பாட்டு எடுக்கவே அந்நேரம் ஆயிடும். விதி எழுதினவங்க மனசுல கல்யாண மண்டபக் கச்சேரிதான் இருந்திருக்கு. விடிய விடிய நடக்கற ஒண்ணு உலகத்துல இருக்குன்னே தெரியாம எழுதியிருக்காங்க. ஊர் முடிவு பண்ணட்டும்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

மேற்காலத் தெரு:
ஊர் முடிவுன்னு நாலு வாட்டி எழுதிட்டீங்க. எந்த ஊர்ங்க? திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கற தலைக்கட்டு வரியை எங்க தெருவுல, நாங்க தலித்துங்கறதால, வாங்கவே மாட்டாங்க. வாங்கினா கேள்வி கேக்கற உரிமை வந்துடும். கூத்து பாக்கலாம், தள்ளி நின்னு. விழுப்புரம் மேல்பாதியும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023ல பூட்டி சீல் வெச்சாங்க, 2024 மார்ச்லதான் திறந்தாங்க. அங்கயும் தலித்துகளை உள்ள விடக் கூடாதுன்னு ‘ஊர்’ ஒண்ணு முடிவு பண்ணித்தான் இருந்துச்சு. அதைக் கேக்கறதுக்கு வந்தது நீங்க திட்டற அதே காகிதம்தான்.

மாங்கா மண்டி:
எதை எடுத்தாலும் சாதியில கொண்டுவந்து முடிச்சுடறீங்க.

மேற்காலத் தெரு:
முடிக்கலை. ஆரம்பிச்சதே அங்கதான்.

தகடூரான்:
மேல்பாதியில நடந்தது தப்பு. அம்மன் முன்னால தள்ளி நில்லுன்னு சொல்ல எவனுக்கும் பாத்தியதை இல்லை. எங்க ஊர்லயும் வரி விஷயம் நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கு, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா ஊர் ஒரு தப்பு பண்ணுதுன்னா ஊரைத் திருத்துங்க. கூத்தைப் பத்து மணிக்கு வெட்டினா உங்க தெருவுக்கு நியாயம் வந்துடுமா?

மேற்காலத் தெரு:
வராது. ஆனா ‘ஊர்’ கையில சாவியைக் கொடுத்தா இருக்கறதும் போயிடும்.

முகவீணை:
நான் கூத்தாடி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் 2004ல பிரியறதுக்கு முன்னாடியே கட்டை கட்டி ஆடினவன். எங்க வாத்தியார் காலத்துல மைக் கிடையாது. ஜனங்க மூணு பக்கமும் நெருக்கி உக்காருவாங்க, கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரித்தான் தொண்டையைப் பழக்குவாங்க. மைக் வந்தது, எங்க தொண்டை சின்னதாயிடுச்சு. குழாயைக் கழட்டிட்டு ஆடச் சொல்லுங்க, இப்பவும் ஆடுவோம். அந்தப் பொண்ணு தூங்கட்டும்.

ஊத்தங்கரை வக்கீல்:
ஐயா, 2010ல விதியைத் திருத்தி இசைக்கருவியையும் சேர்த்துட்டாங்க. திறந்த வெளியில ராத்திரி 10 மணிக்கு மேல நீங்க ஊதற முகவீணைக் குழல், ஆர்மோனியம்கூட எழுத்துப்படி கூடாது.

தகடூரான்:
பாருங்க! மைக் இல்லாத மிருதங்கத்துக்கும் தடை. இதுக்கு என்ன சொல்றீங்க நர்சம்மா?

நைட் டியூட்டி:
இது அநியாயம். மைக் இல்லாத கூத்துன்னா ஏரி தாண்டி எங்களுக்குக் கேக்கவே கேக்காது. அதை நிறுத்தச் சொல்லி நான் எங்கயும் எழுதலை.

முகவீணை:
எல்லாரும் சட்டம் பேசறீங்க, நான் ஒண்ணு சொல்றேன். ஜீப் வந்த மறுநாள் எங்க செட்டுக்குப் பேசின பணத்துல பாதிதான் கொடுத்தாங்க, பாதி ராத்திரிதான ஆடினீங்கன்னு. நிறுத்தினது போலீஸ். காசைப் பிடிச்சது ஊர். போன மாசம் பக்கத்து ஊர்ல ஆடல் பாடல் வெச்சாங்க. அதுவும் பாதியில நின்னுச்சு, ஆனா அவங்க அட்வான்ஸ்லயே முழுசையும் வாங்கிட்டாங்க. பாரம்பரியம், பாரம்பரியம்னு சொல்றீங்களே தம்பி, அதுக்கு மட்டும்தான் கடன் சொல்றாங்க.

தகடூரான்:
அது எங்க ஊரா?

முகவீணை:
நீங்கதான் எழுதியிருக்கீங்களே, புஜக்கட்டையோட டீக்கடைல உக்காந்திருந்தார்னு. அவருக்குத்தான்.

மாங்கா மண்டி:
இதெல்லாம் உள் விவகாரம். இங்க பேசற விஷயம் வேற.

தகடூரான்:
வேற இல்லைங்க. எனக்குத் தெரியாது, இப்பத்தான் தெரியுது. காலைல தர்மகர்த்தாகிட்ட கேக்கறேன். ஆனா பத்து மணி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான், ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.

நைட் டியூட்டி:
கேக்கறப்பவே அந்தக் குழாயை வேற பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கண்ணே.