இன்றேல்நிலையா, இல்லையேல்நிலையா?

அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வாட்டில் என்ற அயல் மரங்களை வெட்டி அகற்றும் திட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்று தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீலகிரி நண்பர்கள் கேட்டது. அவர்கள் சீகை என்பதும் இந்த வாட்டிலைத்தான், தொல்லையும் அதேதான். மூன்று நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: கவுன்டர்ஃபேக்சுவல்.

திட்டமே வராமல் போயிருந்தால் இந்த ஊரும் ஓடையும் இப்போது எப்படி இருந்திருக்கும் என்பதுதான் அது. முன்பு நம் குழுவில் இதற்கு 'எதிர்மெய்' என்று ஒரு யோசனை வந்தது. பொய்யை மரியாதையாகச் சொன்னதுபோல் இருக்கிறது. 'மாற்றுநிலை' எதற்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. நான் 'இன்றேல்நிலை' என்று போட்டிருக்கிறேன். இதில் வரும் 'இன்று' நாளைக் குறிப்பதல்ல. 'இல்லை' என்ற பொருளில் வரும் பழைய வடிவம்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், 1995-ல் காதர் அஸ்மால் நீர்த்துறை அமைச்சராக இருந்தபோது தொடங்கிய 'ஒர்க்கிங் ஃபார் வாட்டர்' ஒரு வேலையில் இரண்டு பலன் தேடிய திட்டம். நீரை உறிஞ்சும் அயல் மரங்களை வெட்ட வேண்டும், அந்த வேலை ஏழைகளுக்குப் போக வேண்டும். ஓடையில் முன்பு எவ்வளவு நீர், பின்பு எவ்வளவு என்று அளந்தால் போதாதா? 2015 வறட்சியில் ஒரு முறையும், மழை பெய்த ஆண்டில் மறு முறையும் அளந்தால் பெருமை மழைக்கா கோடரிக்கா? எதிர்ப்பக்கமும் ஏமாறலாம். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஐந்து வருடம் வெட்டியும் மரப்பரப்பு அப்படியே இருந்தால் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் இரண்டு மடங்காகியிருக்குமோ என்னவோ, அதை யார் கேட்கிறார்கள்?

கூலிக் கணக்கு இன்னும் வழுக்கும். மரம் வெட்டப் போன பெண்ணுக்குக் கிடைத்த கூலி முழுவதும் திட்டத்தின் பயன் என்று எழுதுகிறோம். திட்டம் இல்லாவிட்டால் அவர் சும்மாவா இருந்திருப்பார்? டர்பனுக்கு வீட்டுவேலைக்கோ கரும்பு வெட்டவோ போயிருக்கலாம். அந்த வருமானத்தைக் கழிக்க வேண்டும். அவர் அடுப்புக்கு விறகே வாட்டில்தான். இனி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் சேர்க்க வேண்டும். (வேலைக்காக ஊரைவிட்டுப் போகாமல் பிள்ளைகளோடு இருக்க முடிந்ததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

கருத்துச் சொல்லுங்கள்.

* * *

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அம்மா, திட்டம் வந்த ஊரை வராத ஊரோடு வைத்துப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதானே? 'ஒப்புநிலை' என்று போட்டுவிட்டுப் போங்களேன். உங்கள் சொல்லை என் பேத்தியிடம் காட்டினேன். "இன்றைய நிலையா தாத்தா?" என்றாள். நேர் எதிர்ப்பொருள்!

* * *

ஐயா, பேத்தியிடம் தோற்றேன். 'இல்லையேல்நிலை' என்று மாற்றிக்கொள்கிறேன். அதே பொருள்; யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

ஆனால் ஒப்புநிலைக்கு ஒத்துக்கொள்ள முடியாது. உகாண்டாவில் சீமா ஜெயச்சந்திரன் குழு செய்த ஆய்வைப் பாருங்கள், 2017-ல் வெளிவந்தது. 121 கிராமங்கள். குலுக்கல் முறையில் 60 கிராமங்களைத் தேர்ந்து, அங்கே காடு வைத்திருப்பவர்களுக்கு மரம் வெட்டாமல் இருந்தால் பணம் என்றார்கள். இரண்டு ஆண்டில் அந்த ஊர்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது. பணம் கொடுத்தும் காடு போச்சே என்று தோன்றும். பணம் தராத ஊர்களில் குறைந்ததோ 9.1 சதவீதம்.

அந்த 61 ஊர்கள் ஒப்புக்குழு. கண்ணால் பார்க்கலாம், போய் அளக்கலாம். இல்லையேல்நிலை என்பது பணம் வாங்கிய அதே 60 ஊர்கள், வாங்காமல் இருந்திருந்தால். அதை யாரும் பார்க்க முடியாது. குலுக்கிப் போட்டதால்தான் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கத் துணிகிறோம். இங்கே வாட்டில் வெட்டிய ஊர்களை யாரும் குலுக்கிப் போடவில்லை. சாலைக்குப் பக்கமா, மரம் அடர்ந்த இடமா என்று பார்த்துத்தான் தேர்ந்திருப்பார்கள். அப்போது வெட்டாத பக்கத்து ஊர் வெறும் பக்கத்து ஊர்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

* * *

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, எனக்கு இல்லையேல்நிலை சம்மதம். 'இல்லையேல் கணிப்பு' என்றும் நீட்டலாம், நன்றாகவே வருகிறது. ஐயா சொன்ன ஒப்புநிலையை, திட்டம் தொடங்குமுன் எடுக்கும் அடிப்படைக் கணக்கெடுப்புக்கு யாரும் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் 'தொடக்கநிலை' ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. இந்தக் காட்டில் வெட்டாதே என்றால் ஆட்கள் அடுத்த காட்டுக்குப் போய் வெட்டுகிறார்களே, அதற்குக் கையேட்டில் 'கசிவு' என்று போட்டிருக்கிறீர்கள். நீர்த்திட்டம் பற்றிய கையேட்டில் கசிவு என்றால் குழாயைத்தான் தேடுவார்கள்.