சட்ட வகுப்பில் போட்ட மேசை

முன்னாள் சட்டப் போதகர்:
காவலர் பயிற்சிப் பள்ளியில் நான்கு வருடம் சட்டப் பாடம் எடுத்தேன். விடியற்காலை கவாத்து முடித்து வரும் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கே கண் சொருகும். எழுப்பி நிற்க வைத்துவிட்டு, பிரிவுகளைச் சொல்லி எழுத வைப்பேன். எனக்கும் அப்படித்தான் நடத்தினார்கள். ஸ்டேஷனிலிருந்து மாற்றலாகி வந்தவனுக்குப் பாடம் எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் என்று ஆனதும் போதகர்களுக்கே ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். வந்தவர் ஒரு கல்வியியல் பேராசிரியை. "தேர்வில் எழுதுவதை விடுங்கள் சார், உங்கள் பையன் ஸ்டேஷனில் என்ன செய்வான்?" என்று கேட்டார்.

திரும்பி வந்து சோதித்துப் பார்த்தேன். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று, புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 சொல்கிறது. முந்தின நாள் தேர்வில் கிட்டத்தட்ட எல்லோரும் இதைச் சரியாக எழுதியிருந்தார்கள். வகுப்பில் ஒரு மேசை போட்டேன். ஒருவரைப் புகார்தாரராக்கி, வெளியூரிலிருந்து வரும் வழியில் சங்கிலியைப் பறித்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னேன். ரைட்டராக உட்கார்ந்தவன் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்டேஷன் லிமிட்மா?" அடுத்தது, "அங்க போய்க் குடுங்க."

அவன் முழு மதிப்பெண் வாங்கியவன். எத்தனை பேரை இப்படியே அனுப்பியிருப்பேன்!

கவாத்து போதகர்:
சார், மைதானத்தில் எங்களுக்கு இது பழக்கம். செய்து காட்டுவோம், பிரித்துச் சொல்வோம், செய்ய வைப்போம், அங்கேயே திருத்துவோம். ரைஃபிள் பிடிப்பதை யாரும் நோட்டில் எழுதிக் கற்றதில்லை. எஃப்.ஐ.ஆர். போடுவதை மட்டும் ஏன் அப்படி வைத்தோம்?

பெண் காவலர்:
பயிற்சியில் என்னையும் புகார்தாரராக அனுப்பினார்கள். கால் மணி நேரம் நின்றேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. பயிற்சிதான் என்று தெரிந்தும் அழுகை முட்டியது. பயிற்சி நடத்திய மேடம் யாரையும் திட்டவில்லை. "நின்னப்போ எப்படிம்மா இருந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொல்ல வைத்தார். அப்புறம் ரைட்டராக இருந்தவரையும் என்னையும் இடம் மாற்றி, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

இப்போது ஸ்டேஷனில் வரவேற்பில் இருக்கிறேன். யார் வந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பெயர் கேட்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது என்பதையும் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.