செமுட் காயாப் வண்டை அடிக்காதே என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். மலேசியாவின் நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வாரமாக இரவில் விளக்கைத் தேடிச் செமுட் காயாப் வண்டுகள் வீடுகளுக்குள் வருகின்றன. பார்க்க எறும்பு போல, அரிசி நீளம். கறுப்புத் தலை, ஆரஞ்சு உடல், நடுவில் நீலப் பட்டை. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் உள்ளிருக்கும் பெடரின் நஞ்சு தோலைப் பொசுக்கும், அதுவும் உடனே தெரியாது. என் மாணவன் ஒருவனுக்கு முழங்கை மடிப்பின் இரு பக்கமும் அச்சு வைத்தாற்போல் கொப்புளம். பார்த்ததும் மனம் பதறிவிட்டது.

படம் வரைந்து காட்டினேன். "ஊதித் தள்ளு, சவர்க்காரம் போட்டுக் கழுவு" என்று பாட்டாகவும் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் அழகாக ஒப்பிக்கிறார்கள். கையில் பூச்சி ஏறியதும் பட்டென்று அடித்துவிடுகிறார்கள். பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. வயலில் நெற்பயிரின் பூச்சிகளைத் தின்பதும் இதே வண்டுதான்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கை அடிக்கப் போகாமல், வாய் ஊதப் பழகுவதற்கு என்ன விளையாட்டு வைக்கலாம்?