புதுப்பிப்பு: தரைவீட்டுப் பின்பக்கம் குழாய்ப் பள்ளம், வேலை முடிந்தது

9 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம். "மின்வடமெல்லாம் பார்க்க வேண்டாம், நாளைக்கே மெஷினோடு வர்றோம்" என்ற மலிவான குத்தகையாளரை எடுக்கலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். தடுத்தவர்களுக்கு நன்றி.

நீங்கள் சொன்னதில் பலித்தது, முதலில் வடங்களைக் கண்டறிந்துவிட்டுத் தோண்டும் யோசனை. சிங்கப்பூரின் மின்வடங்களைப் பராமரிக்கும் எஸ்பி பவர்கிரிட் நிறுவனத்திடம் வட வரைபடம் வாங்கி, 7 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, உரிமம் பெற்ற மின்வடம் கண்டறிபவரை அழைத்து, அவர் சுண்ணாம்புக் கோடு போட்ட இடங்களில் மண்வெட்டியால் சோதனைக் குழி வெட்டினோம்.

எதிர்பாராதது: 35 சென்டிமீட்டரிலேயே ஒரு பழைய வடம். கேட் விளக்குக்கு முந்தைய உரிமையாளர் போட்டது. வரைபடத்தில் இல்லை, நிறுவனத்தின் வடங்கள்தான் அதில் இருக்கும், வீட்டுக்காரர் தனியாகப் புதைத்தது வராது. எலக்ட்ரீஷியன் இணைப்பைத் துண்டித்த பிறகே மெஷின் இறங்கியது.

இன்னொன்று: பழைய கழிவுநீர்த் தொட்டியோடு சேர்க்கும் முனையில் ஆழம் 1.6 மீட்டர் ஆகிவிட்டது. 1.5 தாண்டினால் பள்ளத்தின் பக்கச்சுவர் சரியாமல் தாங்க முட்டு கட்டாயம், மழைக்கு ஊறிய களிமண் எச்சரிக்காமல் சரியும். முட்டும் மண் அகற்றுவதும் விலைப்புள்ளியில் இல்லை, தனிச் செலவு. முதலிலேயே எழுதி வாங்குங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கவும் விடாதீர்கள்.