சிரட்டையில் ஊன்றிய வெள்ளரி விதை

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்திலிருந்து:

ஐப்பசியில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி அடித்தேன். அப்புறம் மழை ஏமாற்றிவிட்டது. தையில் தட்டையை அறுத்துவிட்டு, மாசியில் போர்த் தண்ணீரை நம்பி அதே நிலத்தில் வெள்ளரி ஊன்றினேன். முளைப்பு அருமை. விதையிலை இரண்டும் பச்சைப்பசேல். மூன்றாவது இலை விரிந்தபோதுதான் கீழிலையின் ஓரம் மஞ்சளடித்தது, நரம்பு மட்டும் பச்சை. நாலைந்து நாளில் கருகி, தொட்டால் நொறுங்கியது. சத்துக் குறை என்று நினைத்து உரம் வேறு வைத்தேன். ஒரு பாத்திகூடத் தேறவில்லை.

ஐப்பசியில் அடித்த மருந்து மண்ணில் தங்கித்தான் வெள்ளரியைக் கருக்கியிருக்கிறது. களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தின்று தீர்ப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள், அவற்றுக்கு ஈரம் வேண்டும். அட்ரசின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 60 நாள் என்பார்கள். என் நிலமோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காரம் கூடிய மண் வேறு. புளிப்பு மண்ணில் இந்த மருந்து சீக்கிரம் சிதையும், காரத்தில் இழுத்தடிக்கும்.

இப்போதெல்லாம் மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, வயலில் ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, அடியில் ஓட்டை போட்ட சிரட்டைகளில் நிரப்பி வெள்ளரி விதை ஊன்றுகிறேன். மருந்து படாத மண்ணிலும் ஒரு சிரட்டை. மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விதையிலையின் சத்து தீரும்வரை எல்லாச் செடியும் நன்றாகத்தான் தெரியும்.

உச்சிப்புளியிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு நேர்மாறு. தீவனச் சோளத்துக்கு அதே மருந்தை அடித்த மறுநாள் மழை கொட்டியது. இரண்டே வாரத்தில் சாரணைக் களை பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. கலப்பட மருந்து என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன், பாவம் அவர். எங்கள் மணலில் களியும் இல்லை, மட்கும் இல்லை. தண்ணீர் இறங்கிய வழியே மருந்தும் இறங்கிவிட்டது. பத்தடியில் எங்கள் கிணறு, சமையலுக்கும் அதே தண்ணீர்தான். இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அட்ரசினுக்கு அனுமதியை விலக்கியதே நிலத்தடி நீரில் அது கலந்ததால்தான் என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. இப்போது கிணற்றுப் பக்கம் கைக்களைதான். உங்கள் சிரட்டைச் சோதனையைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் செய்தால் தெரியுமா?

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்திலிருந்து:

தெரியாது தம்பி. தண்ணீரில் கலந்திருக்கும் துளியளவு செடியை வாட்டாது, செடி நன்றாயிருக்கிறது என்று தைரியமாகக் குடித்துவிடாதே. பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்.